குனிந்து நிற்கிறவனுக்கு ஒரு வேலை

1. செருப்போடு வந்தவர்கள்

முதல் நாள் அந்தக் கல்லூரிப் பிள்ளைகளை கேட்டிலேயே திருப்பி அனுப்பினேன். எல்லார் காலிலும் ரப்பர் செருப்பு. துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் ரிப்பேருக்கு பிளேட் வெட்டி வெல்டிங் செய்து கொடுக்கும் ஒர்க்‌ஷாப் எங்களுடையது. நான் ஃபோர்மேன். ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருந்தது.

ஆலந்தலைக் கடற்கரையில் வைக்க இரும்பில் ஒரு சிற்பம் செய்ய வேண்டுமாம். ஸ்கிராப் கேட்டு வந்திருந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஸ்கிராப்பும் எடுக்கட்டும், எடத்தையும் எடுக்கட்டும். ஒரு பிள்ளைக்குக் கை நசுங்குச்சு, ஒம்மத்தான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் ஷூவோடு வந்தார்கள். கூட்டத்துக்குத் தலைவி ஜெனிஃபா, ஆலந்தலை மீனவர் வீட்டுப் பெண். அவளுக்குச் சரிக்குச் சரி பேசுகிறவன் இசக்கி, ஸ்ரீவைகுண்டத்தில் நெல் விவசாயம் செய்கிற குடும்பம். எங்கள் வெல்டர் பபுலுவும் ஷிஃப்ட் முடிந்ததும் அவர்களோடு சேர்ந்துகொண்டான். ஒடிசாக்காரன், இருபத்திரண்டு வயசு. தமிழ் பாதி, இந்தி பாதி, மீதி சிரிப்பு.

ஊரே சேர்ந்து ஒரு வள்ளத்தைக் கடலுக்குள் தள்ளுவதுதான் சிற்பம். ஆளுக்கு ஓர் உருவம் செய்வது என்று முடிவு. பழைய செயின், வால்வு, துருப்பிடித்த ராடு எல்லாம் கையாகவும் காலாகவும் மாறின. டீ வந்தால்கூட எழுந்திருக்க மாட்டார்கள். என் சர்வீஸில் அந்த ஒர்க்‌ஷாப்பில் அவ்வளவு சிரிப்புச் சத்தம் நான் கேட்டதில்லை.

2. கேஸ் தீர்ந்த கதை

உருவங்களை வள்ளத்தோடு சேர்த்துத் தற்காலிகமாக டேக் வெல்டிங் வைத்த அன்று சண்டை வந்தது. இசக்கி செய்த ஆள் மட்டும் இடுப்பை மடித்துத் தரையைப் பார்த்துக் குனிந்திருந்தான்.

"ஏலே, இவன் வள்ளம் தள்ளுதானா, நாத்து நடுதானா?" என்றாள் ஜெனிஃபா. எல்லாரும் சிரித்தார்கள்.

இசக்கி சிரிக்கவில்லை. "எங்க அம்மா இப்படித்தான் நிப்பா. எனக்குத் தெரிஞ்ச வேலை இதுதான்."

"கடக்கரைல வைக்கப்போறோம்லா? பாக்குதவங்க எங்களத்தான் கேலி பேசுவாங்க. அண்ணாச்சி, இத மட்டும் அறுத்துருங்க."

"ஒங்க ஊர்க் கடலு. நீங்களே வச்சுக்கோங்க" என்று கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு இசக்கி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டான்.

ஜெனிஃபாவின் முகமும் சுண்டிப்போயிற்று. ஆனாலும் பிடிவாதம். வேறு வழி தெரியாமல் பபுலுவிடம், "அறுத்துருடே" என்றேன். அவன் கேஸ் கட்டரைக் கையில் எடுத்தான். அந்தக் குனிந்த முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிலிண்டரைத் தட்டி, "கேஸ் காலி, அண்ணாச்சி. நாளைக்கு" என்றான்.

அன்று காலையில்தான் புது சிலிண்டர் மாட்டியிருந்தோம். பிரஷர் கேஜில் முள் நிமிர்ந்து நின்றது. அவன் என்னைப் பார்த்தான், நான் வேறு பக்கம் பார்த்தேன். "சரி, நாளைக்குப் பாப்போம்" என்றேன்.

3. கட்டை வைக்கிறவர்

மறுநாள் ஜெனிஃபா ஓட்டமாக வந்தாள். அவர்கள் ஊரில் வள்ளம் இழுக்கிற டிராக்டர் அன்று வரவில்லையாம். ஆட்களே தள்ளியிருக்கிறார்கள். அதை வீடியோ எடுத்து வந்திருந்தாள். ஒருவர் மட்டும் தள்ளாமல், வள்ளத்துக்கு முன்னால் இடுப்பை மடித்துக் குனிந்து, மணலில் உருளைக் கட்டையை வைத்துக்கொண்டே போனார்.

"எங்க அப்பா, அண்ணாச்சி. சின்னதுலேருந்து பாக்கேன். தள்ளுதவங்கதான் கண்ணுல பட்டாங்க. அப்பா குனியாட்டா வள்ளம் நகரவே நகராது" என்றாள்.

அங்கேயே நின்று போன் போட்டாள். "ஏலே இசக்கி, தப்பு என் மேலதான். கோவத்த வுட்டுட்டு பஸ் ஏறு. ஒன் ஆளுக்கு வேல கெடச்சிட்டு."

மத்தியானத்துக்குள் அவன் வந்துவிட்டான். கையில் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு. பபுலு டேக்கை மட்டும் தட்டி விடுவித்து, அந்தக் குனிந்த உருவத்தை நகர்த்தி வள்ளத்துக்கு முன்னால் வைத்து ஃபுல் வெல்டிங் அடித்தான். ஜெனிஃபா ஒரு பழைய பைப்பை உருளைக் கட்டையாக வெட்டி, அந்த இரும்பு ஆளின் கைக்குள் தானே பொருத்தினாள்.

வேலையில் ஒரு பீஸ் பொருந்தவில்லை என்றால் வெட்டு என்றுதான் அத்தனை வருஷமும் சொல்லியிருக்கிறேன். எடுத்து வேறு இடத்தில் வைத்துப் பார் என்று சொல்லியிருக்கலாம். வெட்டியதை மறுபடி ஒட்டினால் தழும்பு தெரியும். இரும்புக்கே அப்படி என்றால் மனுஷருக்குச் சொல்ல வேண்டுமா? புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சந்தேகமாக இருந்தால் அன்றைக்கு கேஸ் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிரேன் வைத்து சிற்பத்தைக் கடற்கரையில் இறக்கிய அன்று இசக்கியின் அம்மாவும் வந்திருந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தவர் அந்தக் குனிந்த ஆளிடம் நின்றார். அவன் இடுப்பில் கையை வைத்து, மெதுவாகத் தடவிக் கொடுத்தார்.

"இவனுக்கு ராத்திரி நல்லா வலிக்கும்" என்றார்.

பக்கத்தில் நின்ற ஜெனிஃபாவின் அப்பா சிரித்தார். "ஆமா தாயி, தைலம் போட்டாத்தான் தூக்கம்."