கழலாத வளையம்

முனைவர் ஜெயசீலி காலமான செய்தியை அவருடைய தம்பி அந்தோணி தொலைபேசியில் சொன்னார். "சார், அக்கா போயிட்டாங்க. மரக்காணத்துலதான் அடக்கம். நீங்க வரணும்னு அம்மா சொல்றாங்க." ஜெயசீலியின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுதிய வழக்கறிஞன் என்ற முறையில், நான் நேரில் கண்டதை மட்டும் இந்த நினைவுக் கூட்டத்தில், அவரை அறிந்த உங்கள் முன் வைக்கிறேன்.

உப்பளத் தொழிலாளர் வீட்டு மகளான அவர், புதுச்சேரி ஆய்வகம் ஒன்றில் மூலக்கூறுகளைக் கோத்தார். இழை போன்ற ஒன்றை வளையம் போன்ற ஒன்றினுள் நுழைத்து, வளையம் நழுவாதபடி இழையின் இரு முனைகளிலும் தடுப்பு வைப்பது அவர் வேலை. இரண்டுக்கும் இடையே வேதிப் பிணைப்பு இல்லை. ஆயினும் பிரியக் கூடாது. ஒரு முனையின் தடுப்பு போர்பைரின். இரத்தத்துக்கும் இலைக்கும் நிறம் தரும் குடும்பத்தைச் சேர்ந்த, அகன்ற ஊதா நிற மூலக்கூறு. மறுமுனையில் அதைவிடச் சிறிய ஒன்று.

எனக்குப் புரியவைக்கத் தம் வளையலை இழுத்துக் காட்டினார். "பாருங்க வக்கீல் சார், கையத் தாண்டி வருதா?"

"சோப்பு போட்டா வந்துடுமே, மேடம்" என்றேன்.

"இதுக்குத்தான் வக்கீலுங்கள லேபுக்குள்ள விடக்கூடாது" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "சூடுதான் சார் எங்களுக்கு சோப்பு. காட்டிப் பாத்துடறேன்."

விண்ணப்பம் தயாராக இருந்தது. வெளிநாட்டுக் குழு ஒன்றும் அதே முயற்சியில் இருந்தது. 'எளிதில் கழலாது' என்று எழுதி உடனே தாக்கல் செய்யலாம் என ஆலோசனை கூறினேன்; சட்டப்படி அது பிழையாகாது. அவரோ கைவசம் இருந்த மாதிரியைச் சூடாக்கினார். சிறிய தடுப்பைத் தாண்டி வளையம் கழன்றது.

"கழண்டுச்சு சார். எளிதுன்னு ஒரு வார்த்தைய வெச்சு நான் ஒளிய மாட்டேன். அவங்க முந்தினா முந்தட்டும்."

உப்பளங்கள் மழைநீரில் மூழ்கிக் கிடந்த பருவம் முழுவதும், இரு முனைகளிலும் போர்பைரின் வைத்து மீண்டும் கட்டினார். பாத்திகளில் புது உப்பு வாரத் தொடங்கியபோது அழைத்தார். "எவ்ளோ சூடு காட்டியும் கழலல வக்கீல் சார். இப்ப எழுதுங்க."

அதுவரை யாரும் முந்தியிருக்கவில்லை. வளையம் கழலாது என்பதற்குச் சான்று என்ன என்பதே காப்புரிமை விசாரணையில் எழுந்த முதல் கேள்வி. அவர் சூடு காட்டிச் செய்த சோதனையை அதற்கு விடையாகச் சொல்ல எழுந்தபோது இருந்த பெருமிதம் வேறெந்த வழக்கிலும் எனக்கு வாய்த்ததில்லை.

அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டது அந்தச் சோதனையைத்தான். 'முடியாது' என்று எழுதுமுன், என் வாதத்தை நானே ஒருமுறை சுட்டுப் பார்க்கிறேன்.

அடக்கத்தன்று அவருடைய தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எம்பொண்ணு செஞ்சது நிக்குமா சார்?"

நிபந்தனையின்றிப் பதில் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. அன்று சொன்னேன்: "நிக்கும்மா. சூடு காட்டிப் பாத்துட்டுத்தான் போயிருக்காங்க."