காரைக்கால் வழியாகப் போன தோட்டா

காலை 9.40. தஞ்சாவூரில் நான் தங்கியிருந்த விடுதியின் வாசலில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. என் சாமான்களைப் பட்டியல் பார்த்து ஏற்றினேன். ரைபிள் பெட்டி, பூட்டியது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் ரைபிளின் போல்ட், தனிப் பையில். தோட்டாப் பெட்டி, அதற்கு வேறு பூட்டு. லைசென்ஸ் அசல் ஒன்று, நகல் மூன்று. போட்டி அழைப்புக் கடிதம். துணிப்பை ஒன்று. சுடும்போது போடும் கான்வாஸ் ஜாக்கெட் பலகை மாதிரி விறைப்பாக இருக்கும், எந்தப் பையிலும் மடங்காது. அதைப் பின்சீட்டில் எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு பொருளுக்காக, அந்தக் காரை ஓட்டியவர் அன்று மாலைவரை ஒரு சோதனைச் சாவடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் அன்று போன தரங்கம்பாடியின் கோட்டையைப் பற்றியும் அங்கே கடல் மதிலை அரிப்பதைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் இதை எழுதுகிறேன்.

அவர் பெயர் கலியமூர்த்தி. நன்னிலத்துக்காரர், வயது நாற்பத்தைந்து இருக்கும். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பும்போது சவாரி கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். விடுதி வரவேற்பில் இருந்தவர் சேர்த்துவைத்தார். தரங்கம்பாடிக்கு 2,600 ரூபாய் பேசினோம். அங்கே என் கல்லூரித் தோழி எஸ்தர் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். தஞ்சாவூரில் போட்டி முடிந்துவிட்டதால் ஒருநாள் அவள் வீட்டில் தங்குவதாகத் திட்டம்.

"நாகூர் போயி காரைக்கால் வழியா போயிடலாமா மேடம்? கடலப் பாத்துக்கிட்டே போலாம்," என்றார்.

"வேண்டாம்ணா. என் லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும்தான். காரைக்கால் புதுச்சேரி கணக்கு. கும்பகோணம், மாயவரம் வழியா போங்க."

"அடேயப்பா," என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அவ்ளோ சுத்தமா இருப்பீங்களா?"

இருப்பேன் என்றேன். அதைச் சொன்ன குரல் இப்போதும் காதில் விழுகிறது.

10.50. கும்பகோணம், நாற்பது கிலோமீட்டர். காபி 25 ரூபாய். பெட்டியைக் காரில் விட்டுவிட்டு இறங்கக் கூடாது என்பதால் கலியமூர்த்தியே டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தார். சம்பா அறுவடை நேரம். ஊரைத் தாண்டியதும் சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, மறு பாதியில் வண்டிகள் போயின. அறுவடை இயந்திரம் முன்னால் போனால் பின்னாலேயே ஊர்ந்துதான் போக வேண்டும். கொள்முதல் நிலைய வாசல்களில் மூட்டைகள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு முறைக்குக் காத்திருந்தன.

"அந்தப் பெட்டியில நெசமான துப்பாக்கிங்களா?"

"நிஜம்தான். பாயிண்ட் டூ டூ ரைபிள். ஐம்பது மீட்டர் போட்டிக்கு."

"எங்க பக்கம் கொக்கு சுடுறவன் கோணிப்பையில சுருட்டி எடுத்துட்டுப் போவான். நீங்க என்னடான்னா பொண்ணு அழைக்கிற மாதிரி கொண்டுபோறீங்க."

சிரித்துவிட்டேன். தோட்டா எப்படி இருக்கும் என்று கேட்டார். ஒவ்வொரு போட்டியிலும் முதல் குண்டின் காலி உறையை ஜாக்கெட் பையில் போட்டு வைத்துக்கொள்வது என் வழக்கம். பைக்குள் கைவிட்டு, துழாவி, அதை எடுத்து முன்சீட்டுக்கு நீட்டினேன். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறு கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"இத்துனூண்டா! பேனா மூடிகூட பெருசா இருக்கும். இத மறுபடி நெரப்பிக்கலாமா? எங்கப்பா கோயில் வேட்டுக்கு அதே குழாயத்தான் திரும்பத் திரும்ப இடிச்சு நெரப்புவாரு."

நல்ல கேள்வி. நான் கருவிப் பொறியியல் படித்தவள். இப்படி ஒரு கேள்வி வந்தால் விடமாட்டேன். பெரிய ரைபிள் தோட்டாவின் அடியில், நடுவில், தீப்பற்றவைக்கும் சிறு மூடி தனியாக இருக்கும். அதை மாற்றி, உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மருந்தை எடைபோட்டு நிரப்பித் திரும்பப் பயன்படுத்தலாம், அதற்குத் தனி அனுமதி வேண்டும் என்றேன். எங்கள் கிளப்பில் ஒருவர் அனுமதி வாங்கிச் செய்கிறார், நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு உறைக்கும் மூச்சைப் பிடித்து நிறுப்பார். ஆனால் இந்தச் சின்னத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள்ளேயே சுற்றிவரப் பூசியிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பில் அடிக்கும், அடித்த இடம் நசுங்கிப்போகும். ஒரு தடவைதான்.

"அப்ப இது குப்ப," என்று உறையைத் திருப்பிக் கொடுத்தார்.

"குப்பைதான். ஆனா எல்லாத்தையும் எண்ணி வைப்போம்ணா. ஒண்ணு குறைஞ்சாலும் பதில் சொல்லணும்."

1.05. தரங்கம்பாடி. எஸ்தர் வாசலில் நின்றாள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அவள் எவ்வளவு கூப்பிட்டும் கலியமூர்த்தி கேட்கவில்லை. நாலு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும், காரைக்கால் வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரத்தில் நன்னிலம் என்றார். வெறும் கார்தானே, எந்த வழியாகவும் போகலாம்.

2.15. வஞ்சிர மீன் குழம்பும் சோறும் தட்டில் இருந்தன. போன் அடித்தது.

"மேடம், கலியமூர்த்தி பேசுறேன். பேரளத்துக்கு முன்னாடி செக்போஸ்ட்ல நிக்கிறேன். காரைக்கால்லேருந்து பாட்டில் கொண்டாறேனான்னு சீட்டத் தூக்கிப் பாத்தாங்க. பின்சீட்டுக்கடியில ஒரு தோட்டா கெடந்துச்சாம். உங்களுதுங்களா?"

"இருக்காதுண்ணா," என்றேன். "என் எண்ணிக்கை சரியா இருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க மேடம். சார் பக்கத்துல நிக்கிறாரு."

"பார்த்துட்டுத்தான் சொல்றேன். என்னோடது இல்லை."

பார்க்காமல்தான் சொன்னேன். போனை வைத்ததும் கையைக் கழுவிவிட்டுக் குறிப்பேட்டை எடுத்தேன். கொண்டுவந்தது நூறு. போட்டியில் எழுபத்து நான்கு கோடுகள். மீதி இருபத்தாறு. பெட்டியைத் திறந்து எண்ணினேன், இருபத்தாறு. சரியாகத்தான் இருந்தது. பிறகு கோடுகளைப் பார்த்தேன். குறிபார்க்கப் பழகிய குண்டுகள் பதின்மூன்று, போட்டிக்கு விதித்த குண்டுகள் அறுபது. கூட்டினால் எழுபத்து மூன்று. ஒரு கோடு அதிகம்.

ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் நான் ஒரு கோடு போடுவேன். நாற்பதாவது குண்டுக்குப் பக்கத்தில் ஒன்று வெடிக்கவில்லை. ஊசி அடித்தும் தீப்பற்றவில்லை. அப்படிப்பட்டதைக் கையை உயர்த்தி, களத்தின் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். எனக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்து ஜாக்கெட் பையில் போட்டுவிட்டு அடுத்ததைச் செருகினேன். என் குறிப்பேட்டில் அது சுட்ட தோட்டா. போலீஸ் கையில் அது சுடாத தோட்டா. காலி உறையைத் தேடிப் பையைத் துழாவியபோது அது சீட்டில் விழுந்திருக்கிறது.

இது தெரிந்தபோது மணி 2.25. நான் எஸ்தரிடம் வாயைத் திறந்தது 3.20க்கு.

நடுவில் இருந்த ஐம்பத்தைந்து நிமிடத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். லைசென்ஸ் போய்விடும் என்று நினைத்தேன். அடுத்த மாதம் தேர்வுப் போட்டி இருக்கிறது என்று நினைத்தேன். என்னுடையது இல்லை என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதே, இப்போது மாற்றினால் பொய்யாகிவிடுமே என்று நினைத்தேன், அது பொய்தான் என்பது தெரிந்தும். ஒரே ஒரு தோட்டா, அதுவும் வெடிக்காதது, கொஞ்ச நேரம் மிரட்டிவிட்டு அவரை அனுப்பிவிடுவார்கள் என்றும் நினைத்தேன். இதில் எதிலும் அவருடைய நாலு மணி வரவில்லை.

"ஒரு மணி நேரமா அந்த நோட்டையே பாத்துட்டு இருக்கியே, என்னடி?" என்றாள் எஸ்தர்.

சொன்னேன்.

"போன் போடு."

போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"போலீஸ் வாங்கி வச்சிருப்பாங்க. கெளம்பு."

"லைசென்ஸ் போயிடும்டி."

"அந்த மனுஷன் ஜெயிலுக்குப் போவாருடி! உனக்குப் பேப்பர் இருக்கு. அவருக்கு என்ன இருக்கு?" சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

அவள் காரில் கிளம்பினோம். துப்பாக்கியைப் பூட்டிய வீட்டில் விட்டுச் செல்லவும் எனக்கு மனமில்லை, அதை வைத்துக்கொண்டு காரைக்காலுக்குள் நுழையவும் முடியாது. மறுபடி மயிலாடுதுறை சுற்றித்தான். முப்பது கிலோமீட்டர் வடமேற்கே போய், அங்கிருந்து தெற்கே பேரளம். மங்கைநல்லூருக்கு முன்னால், சாலையில் நெல்லைக் கூட்டி அள்ளுகிறவர்களுக்காகப் பத்து நிமிடம் நின்றோம். எஸ்தர் ஹாரன் அடிக்கவில்லை.

4.55. சோதனைச் சாவடி. தகரக் கூரை, இரண்டு நாற்காலி, ஒரு மேசை. கலியமூர்த்தி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் போனார். ஏட்டு, "இரு, இரு" என்றார். எனக்கு நாற்காலி போட்டார்கள்.

லைசென்ஸ், கடிதம், குறிப்பேடு எல்லாவற்றையும் மேசையில் வைத்து, தோட்டா என்னுடையது என்றேன். சப்-இன்ஸ்பெக்டர் காகித உறையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். விளிம்பில் ஊசி அடித்த பள்ளம் இருந்தது.

"போன்ல கேட்டப்ப இல்லேன்னு அடிச்சுச் சொன்னீங்களாமே?"

"சொன்னேன் சார். பார்க்காமலே சொல்லிட்டேன்."

"எப்பத் தெரிஞ்சுது?"

எஸ்தர் என்னைப் பார்த்தாள். "ரெண்டு இருபத்தஞ்சுக்கு," என்றேன்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஏட்டுதான், "தமிழ்நாட்டு லைசென்ஸ்னு நீங்க சுத்திப் போனீங்க. உங்க தோட்டா ஜாலியா காரைக்கால் போயிட்டு வந்துருச்சு பாருங்க," என்று சிரித்தார். எங்களுக்கு டீ வந்தது, இரண்டு கிளாஸ். என்னுடையதைக் கலியமூர்த்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கித் தரையில் வைத்தார். குடிக்கவில்லை.

மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்திட்டேன். தோட்டாவை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கு அறிக்கை போகும், கூப்பிடும்போது வர வேண்டும் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். கலியமூர்த்தியை அனுப்பினார்கள். மணி 5.50.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். அவர் போனை உயிர்ப்பித்துக்கொண்டிருந்தார். அது இடைவிடாமல் அதிர்ந்தது.

"எங்க ஸ்டாண்டு பய ஒருத்தன் இந்த வழியா போனான் மேடம். நான் குந்தியிருக்கிறதப் போட்டோ எடுத்து குரூப்புல போட்டுட்டான். ஸ்கூல் பிள்ளைங்க வீடுகளுக்கும் போயிருச்சு. ஒம்பது பிள்ளைங்கள ஏத்துறேன், அத்தனையும் பொட்டப் பிள்ளைங்க. யாரு வீட்ல இனிமே அனுப்புவாங்க?" குரலை உயர்த்தவில்லை. "மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாம். ஸ்டாண்டுக்கு வந்து சொல்லிட்டுப் போங்க."

6.30. நன்னிலம். கார் நிறுத்தத்தில் நான்கு டிரைவர்கள் டீக்கடை பெஞ்சில் இருந்தார்கள்.

"வாய்யா தளபதி! எல்லையில சண்ட முடிஞ்சுதா?" என்றார் ஒருவர்.

"டேய், பொம்பளப் பிள்ளைங்க வந்திருக்கு, சும்மா இரு," என்றார் கலியமூர்த்தி. "இவங்கதான். கேட்டுக்கங்க."

வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். நின்றபோது எல்லாம் கலைந்துபோயிற்று. தோட்டா என்னுடையது, இவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றேன். லைசென்ஸைக்கூடக் காட்டினேன். ஒருவர் அதைக் கையில் வாங்காமலே, "எங்ககிட்ட சொல்லி என்னம்மா ஆவுது? குரூப்புல ஒரு வாய்ஸ் போடுங்க. பெத்தவங்க கேக்கட்டும்," என்றார்.

கலியமூர்த்தியின் போனில் பேசினேன். பெயர், ஊர், தோட்டா, அவர் நிரபராதி. இருபது நொடி. அனுப்பும் முன் ஒரு தடவை போட்டுக் கேட்டார்.

"நான் போன் பண்ணிக் கேட்டப்ப இல்லேன்னீங்களே, அது இதுல வரலியே."

போனைத் திரும்ப என்னிடமே நீட்டினார்.

"அது வந்தாத்தான் மேடம் நான் ஏன் அவ்ளோ நேரம் அங்க குந்தியிருந்தேன்னு தெரியும். இல்லாட்டி, இவன் மேல வேற என்னமோ இருந்திருக்குன்னுதான் பேசுவாங்க."

அழித்துவிட்டு மறுபடி பேசினேன். "அவர் என்னைக் கேட்டார். நான் இல்லை என்று சொன்னேன். என்னுடையதுதான் என்று தெரிந்த பிறகும் ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன்." நான்கு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிண்டல் செய்தவர்கூட. கலியமூர்த்தி அதை அனுப்பினார். கிளம்பும்போது எஸ்தரிடம் மட்டும், "பாத்துப் போங்கம்மா, வழியெல்லாம் நெல்லு கெடக்கும்," என்றார்.

மறுநாள் காலை மயிலாடுதுறையில் சென்னைக்கு ரயில் ஏறினேன். பெட்டி என் காலுக்கடியில், போல்ட் தனிப் பையில். எங்கள் அடுக்குமாடியில் நான் என்ன எடுத்துப் போகிறேன் என்று யாரும் கேட்டதில்லை. ஒருமுறை காவலாளி கேட்டபோது லைசென்ஸைக் காட்டினேன், சல்யூட் அடித்தார். அதோடு முடிந்தது. நன்னிலத்தில் ஒரு மனிதருக்கு அப்படிக் காட்ட ஒரு காகிதமும் இல்லை. ஊர் அவரைப் பற்றி என்ன பேசுகிறதோ அதுதான் அவருடைய லைசென்ஸ்.

சிதம்பரத்தைத் தாண்டும்போது, இன்று பிள்ளைகள் வந்தார்களா என்று செய்தி அனுப்பினேன். ஒன்பதில் ஏழு பேர் வந்தார்கள், இரண்டு வீட்டில் வேறு வண்டி பேசிவிட்டார்கள் என்று பதில் வந்தது.

அந்த இரண்டு வீட்டுக்கும் நேரில் வந்து சொல்லட்டுமா என்று கேட்டேன். விழுப்புரம் வரும்வரை பதில் இல்லை. பிறகு வந்தது.

"வேணாம் மேடம். நீங்க வந்தா மறுபடி பேச ஆரம்பிச்சுடுவாங்க."