எழுதாத படிவத்தில் ஒரு கையெழுத்து

ஓஸ்வால்டைப் பற்றி எங்கள் பேட்டையான மர்பி டவுனில் யாரிடம் கேட்டாலும் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்வேன். அவன் செய்த கெடுதலும் அந்த நல்ல மனசிலிருந்துதான் வந்தது என்று சேர்த்துச் சொல்வேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இருபத்தெட்டு வருஷமாக அவன் கார் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். ஆபீஸ் என்று ஒன்றும் கிடையாது. தோளில் ஒரு ரெக்சின் பை, ஓட்ட ஒரு பழைய ஸ்கூட்டர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வருகிறவர்களில் பாதிப்பேர் அவனிடம் பாலிசி எடுத்தவர்கள். வண்டி எங்கே இடித்தாலும் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். "ஒண்ணும் டென்ஷன் ஆவாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்பான். பார்த்துக்கொள்ளவும் செய்வான். எப்படி என்றால், எழுதாத கிளெய்ம் படிவத்தில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, மிச்சத்தை வீட்டில் உட்கார்ந்து தானே நிரப்புவான். ஓட்டியவரின் லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் தன் மகன் டிரேவர் ஓட்டியதாக எழுதிவிடுவான். டிரேவர் பரம சாது. காகிதத்தில் மட்டும் ஊரில் பாதிச் சுவரை இடித்தவன். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். என் மாருதியையும் ஒருமுறை டிரேவர்தான் இடித்தான்.

லீனா சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கம்பெனி வேலையாக வைட்ஃபீல்டுக்கு வந்து, வந்த மாதமே ஒரு கார் வாங்கினாள். ஆபீஸில் யாரோ ஓஸ்வால்டின் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். பாலிசியின் பின்பக்கத்துப் பொடி எழுத்து வரை படித்துவிட்டு, பென்சிலால் கோடு போட்டு அவனிடம் சந்தேகம் கேட்டாளாம். "இத்தினி வருஷத்துல பாலிசிய படிச்ச மொத ஆளு அந்தப் பொண்ணுதான்பா" என்று என்னிடம் வந்து ஆச்சரியப்பட்டான்.

எட்டு மாதம் கழித்து, தப்பான பக்கத்தில் வந்த ஒரு பைக்குக்கு வழிவிடப் போய், டிவைடரில் மோதிவிட்டாள். யாருக்கும் அடியில்லை. வண்டியின் முன்பக்கம் நொறுங்கிப்போனது. ஓஸ்வால்ட் உடனே போனான். வண்டியை ஆடுகோடியில் தனக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிட்டு, வழக்கம்போலப் படிவத்தை நீட்டினான்.

"இதுல ஒண்ணும் எழுதலையே அங்கிள்?" என்றாள் லீனா.

"நான் எழுதிக்கறேன்மா. நீ சும்னே ஒரு சைன் போடு."

"படிக்காம எப்படி சைன் போடறது?"

"இங்க எல்லாம் நம்பிக்கைதான்மா. உன் அப்பா மாதிரி நெனச்சுக்கோ."

அப்பா என்று சொன்ன பிறகு அந்தப் பெண் என்ன செய்வாள்? போட்டாள்.

வீட்டுக்கு வந்து படிவத்தை நிரப்ப உட்கார்ந்தவனுக்கு ஒரு யோசனை. வெளிநாட்டு லைசென்ஸ் இங்கே செல்லாது என்று அவனாகவே முடிவு கட்டினான். போன் எடுத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவம் ஊருக்குப் புதுசு, எதற்கு அவளைப் பயமுறுத்த வேண்டும் என்று நினைத்தானாம். ஓட்டியவர் என்ற இடத்தில் டிரேவரின் பெயரை எழுதினான்.

ஆனால் லீனாவின் கைப்பையில் ஒரு வருஷம் செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருந்தது. புறப்படும் முன்னாலேயே விசாரித்து, முறையாக வாங்கி வந்திருந்தாள். உண்மையை எழுதியிருந்தால் ஒரு தகராறும் வந்திருக்காது.

சேதத்தைப் பார்க்க வந்த சர்வேயர் சேஷகிரி அவளுக்கு போன் போட்டு, ஓட்டியது யார் என்று கேட்டார். "நான்தான்" என்று சொன்னாள். வேறு என்ன சொல்வாள்? படிவத்தில் இருப்பது அவளுக்குத் தெரியாதே. மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. தெரிந்தே பொய்த் தகவல் தந்ததால் கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது என்று, அவள் பெயருக்கு.

ரிப்பேரை அவள் தன் காசிலேயே பார்த்துக்கொண்டாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை அவளால் தாங்க முடியவில்லை. "நான் பொய் சொன்னேன்னு எழுதியிருக்காங்க அங்கிள். இனிமே எங்க பாலிசி எடுத்தாலும், பொய் சொல்லி கிளெய்ம் போச்சான்னு கேப்பாங்க, நானும் ஆமான்னு சொல்லணும். நீங்கதான் எழுதினீங்கன்னு அவங்களுக்கு ஒரு லெட்டர் குடுங்க. அது போதும்."

ஓஸ்வால்ட் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஓடினான். கிளை மேனேஜர் வீணா நேராகவே சொல்லிவிட்டார். "தெரிஞ்சே நான்தான் எழுதினேன்னு குடுங்க, அவங்க பேர்ல இருக்கறத எடுத்துடலாம். ஆனா உங்க ஏஜென்சி போயிடும் சார்."

அன்று சாயங்காலம் அவன் என் வீட்டுக்கு வந்தான். நான் முப்பது வருஷம் ஆபீஸில் கடிதம் எழுதியே ரிட்டையர் ஆனவன். யாரையும் மாட்டிவிடாமல் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. "தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த குழப்பத்தால் ஓட்டுநரின் பெயர் மாறிவிட்டது" என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வாக்கியம் என்னுடையது. இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

மறுநாள் இருவருமாகக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வைட்ஃபீல்டுக்குப் போனோம். லீனா எங்களை உட்காரவைத்து, காபி கொடுத்து, கடிதத்தை நிதானமாகப் படித்தாள்.

"குழப்பம் எங்க வந்துச்சு அங்கிள்? நீங்க என்னக் கேக்கவே இல்லையே" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "இதப் படிச்சா நானும்தான் ஏதோ தப்பா சொன்ன மாதிரி இருக்கு. நடந்தத அப்படியே எழுதுங்க."

"நாளைக்கே எழுதிட்டு வரேன்மா" என்றான் ஓஸ்வால்ட். நான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாளை வரவேயில்லை. அவனுக்கு அறுபத்திரண்டு வயது, வேறு பிழைப்பு தெரியாது. அதைப் புரிந்துகொள்ள முடிகிறது, நியாயப்படுத்தத்தான் முடியவில்லை. லீனா திங்கட்கிழமைதோறும் மெசேஜ் அனுப்பினாள். "அங்கிள், லெட்டர் ரெடியா?" இவனும் ஒவ்வொரு தடவையும் இந்த வாரம் என்று பதில் போட்டான். பதினோரு திங்கட்கிழமை இப்படியே போயிற்று. ஒருநாளும் அவள் மரியாதை குறைத்துப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எழுதிக் கொடுத்திருப்பேன் என்று ஒருமுறை சொன்னான். அது சும்மா பேச்சு, நான் நம்பவில்லை.

பன்னிரண்டாவது வாரம் மெசேஜ் வரவில்லை. அவள் வேலையை மாற்றிக்கொண்டு சிங்கப்பூருக்கே திரும்பிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. காரை விற்றுவிட்டாளாம்.

ஏஜென்சி தப்பித்தது. ஓஸ்வால்ட் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறான், ஊரில் அதே நல்ல பெயரோடு. போன வாரம் சர்ச் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, நான் கேட்காமலே அவன் லீனாவின் பேச்சை எடுத்தான்.

"அந்தத் திங்கக்கெழம காலைல இருந்து போனப் பாத்துக்கிட்டே இருந்தேன்பா. மத்தியானம் ஆச்சு, சாயங்காலம் ஆச்சு, வரல. இனிமே வராதுன்னு தெரிஞ்சுது. அப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தான்.

"அப்பாடான்னு இருந்துச்சுப்பா" என்றான். சொல்லிவிட்டு, அத்தனை பேருக்கு நடுவில் அழுதான்.