முப்பத்திரண்டு இன்ச் டப்பாவும் வேலப்பன்சாவடி சந்தும்

அம்பத்தூரிலிருந்து குமணன்சாவடிக்குப் பைக்கில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், போன மாதம் வரை "இருபத்தைந்து நிமிஷம்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொல்வேன். வானகரம் வழியாக என் மீட்டர்படி 11.2 கிலோமீட்டர். காரில் போகிறவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். மிச்சமாகும் இருபது நிமிஷம்தான் என் திறமை. பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே சந்து தெரிந்தால் போதும், கட்டைவிரலால் கண்ணாடியை மடக்கி, முழங்காலை டாங்கோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

நான்கு மாதத்துக்கு முன் அப்படிப் போனபோது முட்டிச் சில்லு நகர்ந்து, இருபது நாள் படுத்துக் கிடந்தேன். என் மனைவி ஜெசி என் கையைப் பிடித்து மகள் ஜெனியின் தலையில் வைத்து, "இனிமே சந்துல நுழைய மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். வேறு என்ன செய்ய?

இந்தப் பயணம் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று ஜெனிக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். இப்போது நாங்கள் திருமுல்லைவாயிலில் ஃபிளாட் வாங்கி வந்துவிட்டாலும், முன்பு வாடகைக்கு இருந்தது குமணன்சாவடியில். ஜெனி ஞானோபதேசம், அதாவது புதுநன்மைக்கான வேதபாடம், படித்ததும் அங்குள்ள சர்ச்சில்தான். பன்னிரண்டு பெண் பிள்ளைகள், எல்லோருக்கும் வெள்ளை கவுன், தலையில் நெட் துணி தொங்கும் பூ கிரவுன். கவுன் சனிக்கிழமையே வந்துவிட்டது. கிரவுன் மட்டும் அம்பத்தூர் டெய்லரிடம் இருந்தது.

"எல்லாரும் கிரவுனோட நிப்பாங்க, நான் மட்டும் மொட்டைத் தலையா நிக்கணுமாப்பா?" என்று இரவெல்லாம் புலம்பினாள் ஜெனி. காலை எட்டு மணிக்கு அம்மாவும் மகளும் ஆட்டோவில் கிளம்பினார்கள் (350 ரூபாய், 400 கேட்டார்). ஏறும்போது ஜெசி சொன்னாள்: "ஒம்பதே முக்காலுக்கு வரிசை. அதுக்குள்ள வரணும். சந்துல நுழையாம வரணும்."

டெய்லர் கடைசி முத்தை ஒட்டி முடிக்கும்போது மணி 8.40. நசுங்கக் கூடாது என்று ஒரு பெரிய அட்டை டப்பாவில் கிரவுனை வைத்து, பின் சீட்டில் குறுக்காகக் கட்டினார். பிறகு என்ன தோன்றியதோ, கழுத்திலிருந்த டேப்பை எடுத்து என் வண்டியை அளந்தார்.

"ஹேண்டில் இருபத்தொம்பது இன்ச் சார். டப்பா முப்பத்திரண்டு. இன்னிக்கு நீங்க கார்!"

வானகரம் வரை காராக இருப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. 9.02க்கு நெடுஞ்சாலை ஏறினேன். வேலப்பன்சாவடியில் 9.10க்கு எல்லாம் நின்றுபோனது. முகூர்த்த நாள் வேறு. முன்னால் ஒரு தண்ணீர் லாரி குறுக்காக நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். நான் ஒரு காருக்குப் பின்னால், தடத்தின் நடுவில், விதிப்படி நின்றேன். ஐயோ, அதற்கு வாங்கிய ஏச்சு! பின்னால் இருபது பைக். அத்தனை பேருக்கும் நான்தான் அடைப்பு. "வண்டி ஓட்டத் தெரிலன்னா ஊட்லயே கட!" என்றான் ஒருவன். பதினைந்து வருஷமாக நான் பிறருக்குச் சொன்ன அதே வசனம்.

பக்கத்தில் மொபெட்டில் ஒரு அண்ணன், ஐம்பது வயது இருக்கும். இரண்டு பக்கமும் காலி வாட்டர் கேன் தொங்கியதால் அவரும் என்னைப் போல ஒரு கார்.

"இன்னா நைனா, பைக்க வச்சிகினு கார் மாரி நின்னுகினு கீற?"

விஷயத்தைச் சொன்னேன். மணி 9.31.

"டப்பா தான பெர்சு? உள்ள கீறது சின்னது தான? எட்து தலைல மாட்டிகினு போ. டப்பாவ நான் எட்தாறேன். அந்த சர்ச் தெருவுலதான் என் கடை."

சத்தியமா, மொட்டைத் தலையா என்று மனசுக்குள் ஒரு நிமிஷம் அடித்துக்கொண்டது. மொட்டைத் தலை ஜெயித்தது. ஹெல்மெட்டின் மேல் கிரவுனை வைத்து நாடாவைத் தாடைக்குக் கீழே கட்டி, நெட் துணியைச் சட்டைக் காலருக்குள் சொருகிக்கொண்டு, இடது பக்கமாக நுழைந்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் எழுந்து பார்த்தார்கள். ஒரு வெள்ளைக் காரின் கண்ணாடியை முழங்கை தட்டியது. பின் சீட்டில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

அடுத்த சந்தில் சிரிப்பு போய்விட்டது. காற்றில் நெட் துணி காலரிலிருந்து நழுவி, வலது பக்க லாரியின் கயிற்றுக் கொக்கியில் மாட்டியது. லாரி ஒரு அடி நகர்ந்தது. நாடா கழுத்தை இறுக்கி என் தலையைப் பின்னால் இழுத்தது. சத்தம்கூட வரவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் தகரத்தைத் தட்டிக் கத்திய கத்தலில் லாரி நின்றது. ஜன்னல் ஓரத்து அக்கா ஒருவர் எட்டிக் கையை நீட்டித் துணியைக் கொக்கியிலிருந்து எடுத்துவிட்டார். "ஏம்ப்பா, உசுரு வேணாமா ஒனக்கு?" என்றார். ஜெனியின் தலையில் கை வைத்தது ஞாபகம் வந்தது. செத்திருப்பேன்.

குமணன்சாவடி சிக்னலில் போக்குவரத்துக் காவலர் கை காட்டினார். "யோவ், இன்னா கோலம் இது?"

"பொண்ணோடது சார். சார், சந்துல பூந்து வர்றது சட்டப்படி தப்பா?"

"சட்டத்த வுடு. லாரில மேல ஒக்காந்து பாத்தா நீ கீறதே தெரியாது. அதுக்கப்புறம் சட்டம் தெரிஞ்சு இன்னா பண்ணப் போற? போ, பொண்ணு காத்துகினு இருக்கும்."

9.43க்குப் போய்ச் சேர்ந்தேன். ஜெசி நெட் துணியில் இருந்த கிரீஸ் கோட்டைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள். ஜெனி கிரவுனோடு வரிசையில் நின்றாள்.

நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பூசை வைக்க வெளியூரிலிருந்து வர வேண்டிய ஃபாதர் வரவில்லை. 10.20க்கு வாட்டர் கேன் அண்ணன் டப்பாவோடு வந்து சேர்ந்தார், ஒரு சந்திலும் நுழையாமல். 10.35க்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது.

பிரசங்கத்தில் ஃபாதர், "தாமதத்துக்கு மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தார். "வேலப்பன்சாவடியில நான் நின்னுட்டு இருக்கும்போது, இங்க இருக்கிற கிரவுன்ல ஒண்ணு என் காரை இடது பக்கமா முந்திட்டு வந்தது." பன்னிரண்டு பிள்ளைகளும் சிரித்தார்கள். ஜெசி மட்டும் சிரிக்கவில்லை.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: ஞாயிறு முகூர்த்தம் என்றால் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். நான் வக்கீல் இல்லை. சந்தில் போகலாம் என்றோ கூடாது என்றோ தனி விதி எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் இடது பக்கம் முந்துவது, தடம் தாவுவது, ஆபத்தாக ஓட்டுவது ஆகியவற்றுக்கு விதி உண்டு. இதில் ஒன்றையாவது செய்யாமல் எந்தச் சந்திலிருந்தும் நான் வெளியே வந்ததில்லை. நின்றிருக்கும் வண்டி எப்போது நகரும் என்று அதன் டிரைவருக்கே தெரியாது. கழுத்தில் துப்பட்டா, துண்டு எதுவும் பறக்க வேண்டாம்.

அம்பத்தூரிலிருந்து குமணன்சாவடிக்கு இப்போது எனக்கு நாற்பத்தைந்து நிமிஷம் ஆகிறது. அன்று வீட்டுக்கு வந்ததும் ஜெசி என்னைச் சத்தியம் எதுவும் செய்யச் சொல்லவில்லை. அந்தக் காலி டப்பாவை எடுத்துப்போய் என் பின் சீட்டில் குறுக்காக வைத்து, ஏழெட்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். இன்னும் அவிழ்க்கவில்லை.