வீடு ஜெயிக்கும் ஆட்டம்

நான் காமிக்ஸ் வரைகிறவள். அதை வைத்துச் சாப்பிட முடியாது, நானும் சாப்பிடவில்லை. சம்பளம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு அச்சகத்திலிருந்து வருகிறது. ஊறுகாய் பாட்டில், பினாயில், ஊதுபத்தி இதற்கெல்லாம் லேபிள் செய்கிறேன். பகலெல்லாம் மாங்காய் வரைந்துவிட்டு மிச்ச நேரத்தில் என் புத்தகத்தை வரைகிறேன்.

என் புத்தகத்தில் ஒரு பெண். பெயர் வைக்கவில்லை. புது வேலையில் முதல் நாள். ஆவடியில் ஒன்பது பத்துக்கு வரும் ரயிலைப் பிடிக்க வேண்டும். கிளம்பப் பார்க்கிறாள், வீடு விடவில்லை. பேய் வீடெல்லாம் இல்லை. பால் பொங்குகிறது, சிலிண்டர்காரன் வருகிறான், மோட்டார் போட்டால் தண்ணீர் ஏறவில்லை, யாருக்கோ மாத்திரை எடுத்துத் தர வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான். இரண்டு புத்தகம் வெளிவந்த பிறகும் அவள் சமையலறையிலிருந்து கூடம் வரைதான் வந்திருந்தாள். மூன்றாவது புத்தகத்தில் அவள் வெளியே போக வேண்டும், கதை முடிய வேண்டும்.

அதை நான் ஒழுங்காக உட்கார்ந்து வரைந்திருக்கலாம். வரையவில்லை. ஆட்டம் வைத்தேன்.

காமிக்ஸ் ரசிகர் விழாக்கள் நடக்கின்றனவே, அங்கே எனக்கு ஒரு மேஜை கிடைத்தது. முதல் விழா பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு பெரிய மண்டபத்தில். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களை ஓர் ஓரமாக, கழிப்பறைக்குப் போகிற வழியில் உட்கார வைத்திருந்தார்கள். காமிக்ஸ் பாத்திரம்போல வாலும் இறக்கையும் வைத்து வேஷம் கட்டி வந்தவர்கள் என் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "சண்டை இல்லியா அக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். அதனால்தான் அடுத்த விழாவுக்கு ஆட்டத்தோடு போனேன். அட்டையில் சமையலறையிலிருந்து வாசல் கேட்டுக்குப் பத்துக் கட்டம். நாலு பேர் அவள் பக்கம் இருந்து கார்டு எடுப்பார்கள், ஒருவர் வீடு, தடை வந்தால் அதை அவர் படிப்பார். ஒரு கட்டாக அறுபது கார்டு. வழி கார்டு வந்தால் ஒரு கட்டம் முன்னே, தடை கார்டு வந்தால் ஒரு கட்டம் பின்னே. முப்பது கார்டு எடுப்பதற்குள் கேட்டைத் தாண்டாவிட்டால் ரயில் போய்விடும். பச்சை விளிம்பு போட்ட வழி நாற்பது, சிவப்பு விளிம்பு போட்ட தடை இருபது. அந்த இருபது தடையும் என் வீட்டுக் காலையிலிருந்து அப்படியே எடுத்தவை. அம்மா சொன்ன வார்த்தையைக்கூட மாற்றவில்லை.

இரண்டு விதி நானாகச் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் பார்க்க நடக்கும் கடைசி ஆட்டத்தில் அவள் வெளியே வந்தால்தான் மூன்றாவது புத்தகத்தை வரைவேன். இதை மைக்கில் சொன்னேன், போஸ்டரிலும் போட்டேன். இன்னொன்று, வீடாக ஆடி ஜெயிப்பவருக்குப் பரிசு ஒரு காலி கார்டு. அவர் ஒரு தடையைத் தன் கையால் எழுதிக் கட்டில் சேர்க்கலாம்.

எனக்குக் கணக்கு வராது. அந்த இரண்டாவது விதியை வைத்தபோது ரொம்ப நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

ஆட்டத்தோடு போன முதல் விழாவில் கடைசி ஆட்டம் ஒரே ஒரு கட்டத்தில் போனது. கூட்டம் தலையில் கை வைத்தது. நானும் சிரித்துக்கொண்டே, அடுத்த விழாவில் பார்ப்போம் என்றேன். விழா நடத்துகிறவர் ஓடிவந்து கை குலுக்கினார். முப்பது வயதுகூட இருக்காது, எப்போதும் கழுத்தில் இரண்டு அடையாள அட்டை தொங்கும். அடுத்த முறை என் மேஜை நுழைவாயில் பக்கத்தில் இருந்தது.

அதிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு விழா. கல்லூரி வளாகம், மண்டபம், வணிக வளாகத்தின் மொட்டை மாடி, எங்கே போனாலும் என் ஆட்டத்துக்கு வரிசை நின்றது. வரிசை எதற்கு என்று இரண்டாவது விழாவில்தான் கவனித்தேன். எல்லாரும் வீடாக ஆடத்தான் நின்றார்கள். அவள் பக்கம் ஆட நாலு பேரை நான் போய்க் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியிருந்தது. கொம்பு வைத்துக்கொண்டு அசுரன் வேஷத்தில் வரும் ஓர் இளைஞன் உண்டு. வியாசர்பாடிக்காரன். அவன் வீடாக உட்கார்ந்தால் தடை கார்டை மாமியார் குரலில் படிப்பான்.

"இன்னாமே, எங்க கெளம்பிட்ட? அரிசி ஊற வெச்சியா? நீ ஆபீஸ் போய்ட்டா ஊட்ல மாவு யாரு ஆட்டுவா, உன் மேனேஜரா?"

கூட்டம் சுருண்டு விழும். நானும் சிரித்திருக்கிறேன். அது என் அம்மா என்னிடம் சொன்னது. மேனேஜர் மட்டும் அவன் சேர்த்தது.

என் வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆவடி பக்கம் சேக்காட்டில் அம்மாவும் நானும் கீழே, அண்ணன் குடும்பம் மாடியில். எனக்கு முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச், மதியம் கோழிக்குழம்பு, சாயங்காலம் யாராவது ஜெபத்துக்கு வருவார்கள், டீ போட வேண்டும். இதில் எதையாவது விட்டுவிட்டு வெளியே போனால் எதற்கு என்று கேட்பார்கள். கோபமாகக் கேட்க மாட்டார்கள், அதுதான் கஷ்டம். அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டு கேட்பார். சும்மா வெளியே போகிறேன் என்று என் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. விழாக்காரர்கள் 'சிறப்பு விருந்தினர்' என்று முத்திரை குத்தி அனுப்பிய கடிதத்தைப் பிரிட்ஜ் மேல் ஒட்டினேன். அம்மா அதை ஐயரம்மாவிடம்கூடச் சொல்லியிருந்தார். சபை ஐயரின் மனைவி. அவர் நல்லது என்று சொன்னதால் அந்த ஞாயிறுகள் எனக்குக் கிடைத்தன. ஆட்டம் இருக்கிறவரைதான் கடிதம் என்று எனக்குத் தெரியும்.

ஒன்பது விழா போயிற்று. ஒன்றரை வருடம். ஒன்பது கடைசி ஆட்டத்திலும் அவள் வெளியே வரவில்லை. பிற்பாடு கூடத்தைக்கூடத் தொடவில்லை. கார்டுக்கட்டுப் பெட்டியில் அடங்காமல் அதை ஷூ வந்த டப்பாவில் போட்டு எடுத்துப்போனேன். அதில் எனக்குப் பெருமைதான். யார் யாரோ தங்கள் கையெழுத்தில் எழுதினது. 'மழை வர மாதிரி இருக்கு.' 'பக்கத்து வீட்டுக்காரங்க சாவி கொடுத்துட்டுப் போயிருக்காங்க.' 'புடவை சரியில்லன்னு சொன்னாங்க, மாத்திட்டு வரேன்.' 'பையன் அழுதான்.' வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் படிப்பேன். மூன்றாவது புத்தகத்துக்கு ஒரு பக்கம்கூட வரையவில்லை. ரசிகர்கள் அவள் வெளியே வந்தாளா என்று கேட்டால் நீங்கள் ஆடித்தான் பார்க்க வேண்டும் என்பேன். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் புளித்துவிட்டது.

பத்தாவது விழாவில், ஞாயிறு மதியம் சாப்பாட்டு நேரம், மேஜையில் கூட்டம் இல்லை. ஓர் அம்மாள் வந்தார். காட்டுப்பாக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஆட்டம் வைத்த முதல் விழாவுக்கு மகளோடு வந்து, வீடாக ஆடி ஜெயித்து, கார்டு எழுதிப் போட்டவர். அது இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றார். இருவரும் தேடினோம். 'துணி இன்னும் காயல' என்று அழகான கையெழுத்தில் இருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, டப்பா முழுவதையும் மேஜையில் கொட்டி, சிவப்பைத் தனியாகப் பச்சையைத் தனியாகப் பிரித்தார். தடை இருநூறுக்குப் பக்கத்தில் வந்தது. வழி அதே நாற்பது.

"ஏங்க, இதுல யாரும் ஜெயிக்கவே முடியாதே," என்றார். "முப்பது கார்டு எடுத்தா அதுல வழி அஞ்சோ ஆறோதான் வரும். மூணாவது விழாவுலயே இது செத்துப்போன ஆட்டம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்த பிறகு நம்பினார் என்று நினைக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்துவிடும் விஷயம். ஜெயிக்கிற வீட்டுக்கு நானே மேலும் பலம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே வந்த கோபத்தில், வந்தவர்கள் எழுதிய கார்டையெல்லாம் தூக்கிவிடுகிறேன், பழைய அறுபதை மட்டும் வைத்துக் கடைசி ஆட்டத்தை ஆடலாம் என்றேன்.

"என்னுதை எடுக்காதீங்க," என்றார் டீச்சர். "நான் பொய் எழுதலை. அன்னிக்கு நிஜமாவே துணி காயலை, எனக்கு பஸ் போயிடுச்சு."

விழா நடத்துகிறவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கட்டில் கை வைக்காதீர்கள், அந்த டப்பாவைத்தான் எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள் என்றார். ஜெயிக்க முடியாது என்பதை இரண்டு தரம் சொன்னேன். ஜெயிக்கணும்னு யார் கேட்டாங்க என்றார்.

திரும்பி வந்து வேறு ஒன்று செய்தேன். எடுக்கக் கூடாது என்றால் சேர்க்கலாம். பச்சை விளிம்பு போட்டுக் காலி கார்டுகளைக் மடமடவென்று தயார் செய்தேன். இன்று யார் வேண்டுமானாலும் ஒரு வழி எழுதலாம், ஜெயிக்க வேண்டியதில்லை என்று மைக்கில் அறிவித்தேன். வந்தார்கள். பேனாவை வாங்கிக்கொண்டு நின்றார்கள். தடை எழுதும்போது ஒருவர்கூட யோசித்ததில்லை. இப்போது பேனா மூடியைக் கடித்துக்கொண்டு மேலே பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்தில் கிடைத்தது கொஞ்சம்தான். ஓடிப்போ என்று நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். புருஷனை விட்டுவிடு என்று சிலர். என் புத்தகத்தில் புருஷனே கிடையாது, அவர்கள் படித்ததும் இல்லை. பாதி கார்டு வெறுமையாகவே திரும்பி வந்தது. ஒரு பெண் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்கப் போனாள், திரும்பவே இல்லை. டீச்சர் மட்டும் கடைசியில் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். 'எதுவும் முடியல. அப்படியே கிளம்புறேன்' என்று இருந்தது.

கடைசி ஆட்டம் நடந்தது. அசுரன்தான் வீடு. டீச்சர் அவள் பக்கம் உட்கார்ந்தார். கட்டைக் கலைத்து எடுத்தார்கள். டீச்சர் எழுதிய கார்டு வரவே இல்லை, டப்பாவின் அடியில் எங்கேயோ கிடந்தது. அவள் சமையலறைக் கட்டத்தை விட்டு இரண்டே தரம் நகர்ந்தாள், இரண்டு தரமும் திரும்பி வந்தாள். முப்பதாவது கார்டு சிவப்பு. அசுரன் எழுந்து குனிந்து வணக்கம் போட்டான். கூட்டம் விசில் அடித்தது. பத்தாவது தரமும் அவள் உள்ளேதான் என்ற சந்தோஷம் அவர்கள் முகத்தில் தெரிந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு வேடிக்கை அது. வேடிக்கையாக்கிக் கொடுத்தவள் நான்.

மைக்கை வாங்கினேன். "ஆட்டம் முடிஞ்சிடுச்சு," என்றேன். "இனிமே கிடையாது. நீங்க யாரும் ஜெயிக்கலை. பரவால்ல. அவளை நானே அனுப்பிடுறேன்."

இது போங்கு என்று ஒருவன் கத்தினான். அசுரன் கொம்பைக் கழற்றிவிட்டு, விளையாட்டுக்குக் கோச்சிக்கினியாக்கா என்று கேட்டான். அவனுக்கு நிஜமாகவே வருத்தம். விழா நடத்துகிறவர் கோபத்தில் எழுந்து போய்விட்டார்.

மூன்றாவது புத்தகத்தை ஆறு வாரத்தில் முடித்தேன். அதில் அவள் கிளம்புகிறாள். தொட்டியில் பாத்திரம் கிடக்கிறது, துணி ஈரமாகக் கொடியில் தொங்குகிறது, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கட்டத்திலும் வசனம் இல்லை. கேட்டுக்கு வெளியே தெருவை வரையத்தான் அதிக நாள் ஆனது. இரண்டு புத்தகத்திலும் ஒரு வீட்டின் உள்பக்கத்தை மட்டுமே வரைந்திருக்கிறேன், தெருவில் கரண்ட் கம்பம் எந்தப் பக்கம் நிற்கும் என்றுகூடத் தெரியவில்லை. எங்கள் தெருவைத்தான் போய்ப் பார்த்து வரைந்தேன். டீச்சருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். நன்றாக இருக்கிறது, ஆனால் மோட்டாரையாவது அணைத்துவிட்டுப் போயிருக்கலாம் என்று பதில் போட்டார். மற்றவர்கள், ஏமாற்றிவிட்டாய் என்று எழுதினார்கள்.

அடுத்த விழாவுக்கு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. கடிதம் இல்லை என்றதும் அம்மா பிரிட்ஜ் மேல் இருந்த பழையதைக் கிழித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சபையின் நாட்காட்டியை மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை பழையபடி சர்ச், கோழி, டீ.

போன மாதம் விழா நடத்துகிறவர் போன் செய்தார். கோபமெல்லாம் போய்விட்டதாம். எல்லாரும் அந்த ஆட்டத்தைத்தான் கேட்கிறார்களாம். பெரிய மேஜை தருகிறேன், கடிதமும் அனுப்புகிறேன் என்றார். நான் கேட்காமலே கடிதம் என்று சொன்னார். எப்போதோ ஒரு நாள் அம்மாவைப் பற்றி அவரிடம் நானே புலம்பியிருக்க வேண்டும்.

"புக்கு வேணாங்க்கா. அந்த டப்பா மட்டும் எடுத்துகினு வாங்க, போதும்."

"அவதான் போயிட்டாளே," என்றேன். "ஆளே இல்லாத வீட்டை வெச்சுக்கிட்டு என்ன ஆடுவீங்க?"

"அதுக்கின்னாக்கா. வேற ஒருத்தியப் போட்டுடுங்க."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் உடனே முடியாது என்று சொல்லவில்லை. இதை எழுத அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மூன்று நாள் யோசித்தேன். அச்சகத்தில் மாங்காய்க்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தபோது, புதியவளுக்கு எப்படி முகம் வைக்கலாம், கொஞ்சம் குண்டாகப் போடலாமா, கண்ணாடி போடலாமா என்றுகூட ஓர் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தேன். நான் இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு வெளியே போக, ஒருத்தியை உள்ளே வைக்க வேண்டும். காகிதத்தில் இருக்கிறவள்தானே என்று எனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

நாலாவது நாள் முடியாது என்று செய்தி அனுப்பினேன். அவர் கட்டைவிரலை உயர்த்தும் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டார். அந்த ஞாயிறு விழா நடந்தபோது நான் எங்கள் வீட்டில் பதினோரு பேருக்கு டீ ஊற்றினேன். ஐயரம்மா என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டே, இப்பல்லாம் வெளிய எங்கயும் போறதில்லையாம்மா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா, அதெல்லாம் முடிஞ்சுபோச்சு என்றார்.