ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மூன்று உயிர்கள்

அன்னக்கொடி பிறந்தது மலையடிவாரத்து அய்யம்பாளையம், வாழ்க்கைப்பட்டது மலைமேல் பேத்துப்பாறை. இருபத்தாறு ஆண்டுகள் பீன்ஸ் பறித்தும் பூண்டு பிடுங்கியும் முழங்கால் தேய்ந்தபின், கொடைக்கானலில் எங்கள் ஆய்வகத்துக்குக் கண்ணாடித் தட்டு கழுவும் வேலைக்கு வந்தார். உட்கார்ந்து செய்யக்கூடிய வேறு வேலை அவருக்கு மலையில் கிடைக்கவில்லை.

ஆய்வகத் தலைவர் முனைவர் குமாரவேல், நிலத்தடி நீரில் வாழும் இறால் வகை ஒன்றை வளர்க்க வந்தவர். அரிசிக் குருணை அளவு; கண் கிடையாது, நிறமும் கிடையாது. 2023 ஜூன் 5 அன்று அய்யம்பாளையத்துக் கிணறு ஒன்றில் வலைபோட்டு நாற்பத்து மூன்றைக் கொண்டுவந்தார். இவை குளிர்ந்த நீரில் வாழ்பவை என்று வெளிநாட்டு நூல்களில் படித்திருந்தார். அதற்காகவே மலையைத் தேர்ந்தெடுத்தார். அறை ஜன்னலையும் திறந்தே வைக்கச் சொன்னார். அந்த நூல்களை எழுதியவர்களின் கிணறுகள் பனி விழும் நாட்டில் இருந்தன என்பது அவர் கண்ணில் படவில்லை.

ஆய்வகப் பதிவேடு என் பொறுப்பு. காலை ஏழு மணிக்கு, அவற்றை வளர்த்த கண்ணாடித் தட்டுகளில் நீர் 14 டிகிரி. ஜூன் முடிவில் உயிரோடு இருந்தவை இருபத்தெட்டு. ஜூலை 20 அன்று ஒன்பது. ஒவ்வொரு சாவையும் மணி பிசகாமல் எழுதினேன். ஏன் என்று ஒரு வரி எழுதவில்லை. அந்த வகையில் முனைவருக்கு நான் சளைத்தவன் அல்ல.

அன்னக்கொடி சொல்லிப் பார்த்தார். "சார், எங்கூர்ல மார்கழியில வெள்ளனே கெணத்துலதாங்க குளிப்போம். தண்ணி வெதுவெதுன்னு கெடக்கும். இதுகளுக்கு இங்க குளுருதுங்க."

"உனக்குக் கிணறு தெரியும்மா. எனக்கு நிலத்தடி நீர் தெரியும்" என்றார் முனைவர்.

மறுநாள் அன்னக்கொடிக்கு ஒரு மெமோ கொடுத்தார். சோப்புக் கையோடு தட்டைத் தொட்டதால் உயிர்கள் இறந்தனவாம். எல்லாம் இறந்துவிட்டால் அறை மூடப்படும், அன்னக்கொடி வரவேண்டியதில்லை. அந்த அறைக்குள் சோப்பு வந்ததே இல்லை. இருப்புப் பதிவேட்டைப் புரட்டினால் தெரியும், முனைவர் புரட்டவில்லை.

அன்னக்கொடி மெமோவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மூன்று உயிர்களைத் தனித் தட்டில் எடுத்து, கறுப்புத் துணியால் மூடி, நடைவழியில் இருந்த பழைய ஃபிரிட்ஜுக்குப் பின்னால் அனல் அடிக்கும் இடத்தில் வைத்தார். தட்டு நீரை அளந்தேன்: 26 டிகிரி. ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் அய்யம்பாளையம் போய்க் கிணற்று நீரையும் அளந்தேன்: 26.5. ஏழு வாரத்தில் அதைச் செய்ய யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அறையில் இருந்த ஆறும் ஜூலை முடியுமுன் செத்தன. ஆகஸ்ட் 11 அன்று முனைவர் பூட்டோடு வந்தார். அன்னக்கொடி நடைவழிக்கு அழைத்துப்போய்த் துணியை விலக்கினார். மூன்றும் நீந்தின, ஒன்றின் வயிற்றடியில் முட்டைகள். முனைவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தட்டை அறைக்குள் இருந்த மைக்ராஸ்கோப் மேசைக்கு எடுத்து வரச் சொன்னார். முதன்முறையாக 'நீங்க' என்றார்.

அன்னக்கொடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எப்படிங்க சார் தொடுறது? சோப்புக் கைன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. செத்துருமுல்ல."

முனைவர் மெமோவைக் கேட்டு வாங்கி, குறுக்கே 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்திட்டார். தேதி போடவில்லை, போடச் சொன்னேன். அதற்குப் பிறகும் அன்னக்கொடி தட்டைத் தூக்கவில்லை. முதலில் ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

முனைவர் போய்ச் சாத்தினார்.