சோதனைக்குப் போகாத சிங்களம்

போன செவ்வாய்க்கிழமை காலை நான் முகம் வழித்துக்கொண்டிருந்தபோது வானொலியில் மரண அறிவித்தல்கள் போய்க்கொண்டிருந்தன. "ஊர்காவற்றுறையைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற தாதி செல்வி றெஜினா" என்று கேட்டதும் கை நின்றுவிட்டது. பாதி முகத்தில் சவர்க்காரத்தோடு கதிரையில் போய் இருந்துவிட்டேன். கால் வருத்தத்தால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த அறிவித்தலில் ஒரு பிழையும் இருந்தது. றெஜினா மிசி ஓய்வு பெறவில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவரை அறிந்த உங்களில் பலருக்கு இது தெரியும். ஏன் என்பது சிலருக்குத்தான் தெரியும்.

தாதிமாரை மிசி என்று அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தீவுப்பகுதியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் அவர் பிரசவம் பார்த்தார். நான் அங்கே எழுதுவினைஞன். கடற்றொழில் செய்த கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. தகப்பனாருக்கு வள்ளம் ஏற முடியாமல் போனபிறகு வீடு அவருடைய சம்பளத்தில்தான் நடந்தது. குரல் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. பிரசவ வலியில் கத்தும் பெண்களை யாராவது அதட்டினால் போதும். "வலிச்சாக் கத்தத்தான் வேணும். கத்தாதை எண்டு சொல்லுறவை வந்து ஒண்டைப் பெத்துப் பார்க்கட்டும்" என்பார். டொக்டரும் அதற்குப் பிறகு வாய் திறக்கமாட்டார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், நயினாதீவுப் பௌத்த விகாரைக்கு யாத்திரை வந்து திரும்பிய ஒரு சிங்களப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். மிகவும் இளையவள். மாதம் நிறையவில்லை. வள்ளத்திலேயே வலி தொடங்கிவிட்டது. கூடவே தாய். பிரசவ அறைக்குள் உறவினர் நிற்கக்கூடாது என்பது சட்டம், ஆகவே தாயை வெளியே அனுப்பினார்கள். அப்போது அந்தப் பெண் "எப்பா, எப்பா" என்று கத்தினாள். மிசியின் காதில் அது "எப்ப, எப்ப" என்று விழுந்தது. எப்போது பிறக்கும் என்று கேட்கிறாள் என நினைத்து, "இப்ப பிள்ளை, இப்ப" என்று தலையைத் தடவிவிட்டுக் கதவைச் சாத்தினார். அவள் எப்பா என்று அழுதுகொண்டே இருந்தாள். இவர் இப்ப என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தார். குழந்தை தங்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பாண் கொண்டுவந்த சோமாதான் விஷயத்தைச் சொன்னார். சோமா எங்கள் ஊர்ப் பேக்கரிக்காரரின் மனைவி, தென்பகுதியைச் சேர்ந்த சிங்களவர், அரைகுறைத் தமிழ் தெரிந்தவர். அந்தத் தாய் அழுதழுது சொன்னதை அவர் தமிழில் சொன்னார். எப்பா என்றால் வேண்டாம். அம்மாவை அனுப்பவேண்டாம், கதவைச் சாத்தவேண்டாம் என்றுதான் அந்தப் பெண் கேட்டிருக்கிறாள்.

கதவு திறந்திருந்தாலும் குழந்தை பிழைத்திருக்காது என்று டொக்டர் சமாதானம் சொன்னார். "பிள்ளைக்கு ஒண்டும் செய்ய ஏலாதுதான், டொக்டர். பெத்தவளுக்கு?" என்று கேட்டார் மிசி.

அரசாங்க உத்தியோகத்தர் எல்லோரும் சிங்களம் படித்துச் சோதனையில் சித்தியடைய வேண்டும் என்று கந்தோருக்குக் கந்தோர் நெருக்கிய காலம் அது. எங்கள் ஆஸ்பத்திரியிலும் அதுவே பேச்சு. அந்நிய மொழியை ஏன் படிக்கவேண்டும் என்று நாங்கள் கொதித்தோம். அந்தக் கொதிப்பையெல்லாம் ஆங்கிலத்தில்தான் கொட்டினோம். மிசி எங்களோடு சேரவில்லை. அந்த வருஷம் முழுவதும் வேலை முடிந்ததும் பேக்கரிக்குப் பின்புறம் போய் இருந்துவிடுவார். சோமா சிங்களம் சொல்லிக்கொடுப்பார், இவர் தமிழ் சொல்லிக்கொடுப்பார். குசினி, யன்னல், அலுமாரி, சப்பாத்து எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று கண்டுபிடித்து வந்து என்னிடம் சொன்ன நாளில், "அரைவாசிப் பாஷை எங்கடை வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்குது, கிளாக்கர் தம்பி" என்று சிரித்தார்.

தொடங்கிய புதிதில் இருவருக்கும் ஒரு சண்டையும் வந்தது. மிசி பிழை விடும்போதெல்லாம் சோமா "கமக் நே" என்பார். நே என்றால் இல்லை என்பது மட்டும் மிசிக்குத் தெரியும். "கமம் இல்லை, கமம் இல்லையெண்டு நெடுகச் சொல்லுறா. நாங்கள் கடல்காரர், எங்களுக்குக் காணி பூமி இல்லையெண்டு இவவும் குத்திக்காட்டுறாவோ?" என்று என்னிடம் வந்து பொரிந்து தள்ளினார். இரண்டு நாள் பேக்கரிப் பக்கமே போகவில்லை. அது 'பரவாயில்லை' என்று சொல்வது என அறிந்ததும் ஓடிப்போய்ச் சோமாவைக் கட்டிப்பிடித்தாராம். கமம் உள்ளவர்களின் வாயிலிருந்து அந்தக் குத்தலை அவர் எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஊர் சும்மா இருக்குமா? துரோகி என்றார்கள். பேக்கரிச் சுவரில் கரியால் எழுதினார்கள். மிசி அதற்கு மசியவில்லை. அடுத்த வருஷம் சோதனை வந்தபோது நாங்கள், கொதித்தவர்கள், முணுமுணுத்தபடி வரிசையாகப் போய் எழுதினோம். நான் பசு மாட்டைப் பற்றி ஒரு கட்டுரையைப் பாடமாக்கிக்கொண்டு போய்ச் சித்தியடைந்தேன். சிங்களத்தில் சண்டையே பிடிக்கக்கூடிய மிசி போகவில்லை. அதைக் கேட்டதும், துரோகி என்றவர்களே பூமாலையோடு அவர் வீட்டுப் படலைக்கு வந்தார்கள். "நீங்கள் நினைக்கிற ஆள் நானில்லை. முந்தி நினைச்ச ஆளும் நானில்லை. மாலையைக் கோயிலிலை குடுங்கோ" என்று அவர்களை அனுப்பிவிட்டார்.

விசாரிக்கக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நடுவயது, தன்மையான மனிதர். ஆங்கிலத்தில் கேட்டார். மிசி சிங்களத்தில் பதில் சொன்னார். அதிகாரி பேனையை மேசையில் வைத்துவிட்டார். பிறகு எல்லாம் சிங்களத்தில் நடந்தது. எனக்குப் பாதிதான் பிடிபட்டது. மீதியை மிசியே பிறகு சொன்னார். இந்தப் பேச்சே போதும், நீர் சோதனைத் தாளில் கையெழுத்து மட்டும் போடும், சித்தி என்று நான் எழுதிக்கொள்கிறேன் என்றாராம் அவர்.

"போட்டிருக்கலாமே, மிசி. வீட்டு நிலைமை என்ன?" என்று கேட்டேன். எனக்குக் கோபமே வந்தது.

"அவருக்கு இப்பிடித்தான் சொன்னனான். ஐயா, எனக்கு இந்தப் பாஷையைப் படிப்பிச்சது ஒரு பெட்டையின்ரை அழுகை. சட்டமில்லை. கையெழுத்துப் போட்டனெண்டால், சட்டத்துக்குப் பயந்து படிச்சனான் எண்டு ஆகிடும். அது பொய். அதிலை நான் ஒப்பம் வைக்கமாட்டன்." என்றார். சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் பார்த்தார். தகப்பனாரை நினைத்திருப்பார்.

முதலில் சம்பள உயர்வை மறித்தார்கள். பிறகு வேலையை மறித்தார்கள். கடைசி நாள் என் மேசைக்கு வந்து, "கிளாக்கர் தம்பி, உம்மடை மாட்டுச் சிங்களம் ஒண்டுக்கும் உதவாது. இதைப் பாடமாக்கும்" என்று ஒரு வாக்கியம் சொல்லித்தந்தார். தேருணே நே, ஆயெத் கியன்ன. விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள். "அண்டைக்கு எனக்கு இது தெரிஞ்சிருந்தால்..." என்று தொடங்கியவர் முடிக்காமல் படியிறங்கிப் போய்விட்டார். அதன் பிறகு கூப்பிட்ட வீடுகளுக்குப் போய்ப் பிரசவம் பார்த்துத்தான் சீவித்தார். கடல் கொந்தளித்தாலும் நெடுந்தீவுக்கு வள்ளம் ஏறினார். அவர் பார்த்த எந்தப் பிரசவத்திலும் பெற்றவளின் தாய் அறைக்கு உள்ளேதான் நின்றார்.

போன வருஷம் மகளைப் பார்க்கக் கொழும்புக்கு ரயிலில் போனேன். காலம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். இடையில் ஏறிய ஓர் இளம் சிப்பாய் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் உரத்த குரலில் ஏதோ சொன்னான். எல்லோரும் திரும்பினார்கள். வாயில் வந்தது மிசியின் வாக்கியம் ஒன்றுதான். அவன் ஒரு கணம் நின்றான். பிறகு குனிந்து, மெதுவாக, மேலே கையைக் காட்டித் திரும்பச் சொன்னான். என் தலைக்கு மேலிருந்த பெட்டி சரிந்துகொண்டிருந்தது. அவனே அதை எடுத்து நேராக வைத்துவிட்டுப் போனான்.

அந்த ஒரு வாக்கியம்தான் மிசியிடமிருந்து என்னிடம் இருக்கிறது. விளங்கவில்லை என்று சொல்லிவிட்டு, எதிரே நிற்பவர் திரும்பச் சொல்லும்வரை பொறுப்பது. அதற்கு அவர் ஒரு வருஷத்தையும் ஓர் உத்தியோகத்தையும் கொடுத்தார். அன்று எப்பா என்று அழுத பெண்ணுக்கு இப்போது நாற்பது வயதாகியிருக்கும். தன் அழுகைக்காக ஒருத்தி தன் மொழியைப் படித்தாள் என்பது அவளுக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை அந்த அறிவித்தலும் தமிழில்தான் போனது.